பெருங்காயத்தூளத் தண்ணில போட்டா அடியில மாவு தங்குது... கலப்படமா? வீட்ல ஒரே பஞ்சாயத்து

ரசவாசம் | திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போறவ, இன்னைக்கு வேற வழியில்லாம எழுதுறேன். எங்க அத்தை நேத்து போன்ல ஏதோ வீடியோ பாத்திருக்காங்க. ஒரு டம்ளர் தண்ணில பெருங்காயத்தப் போட்டா பால் மாதிரி கரையணுமாம், அடியில எதுவும் தங்கக்கூடாதாம், தங்குனா கலப்படமாம். உடனே நம்ம வீட்டு டப்பாவத் தொறந்து அரை ஸ்பூன் போட்டுப் பாத்தாங்க. தண்ணி வெள்ளையாத்தான் ஆச்சு, ஆனா அஞ்சு நிமிஷத்துல அடியில திட்டா மாவு படிஞ்சு நின்னுடுச்சு. அதோட விட்டாங்களா, ஒரு பழைய கரண்டில கொஞ்சம் வெச்சு தீயில காட்டுனாங்க, கற்பூரம் மாதிரி எரியணும்னு அதுலயே சொன்னானாம். எரியவே இல்ல, சப்பாத்தி தீஞ்ச மாதிரி ஒரு நாத்தம் வந்துச்சு அவ்ளோதான். பிரிச்சு நாலு நாள்கூட ஆகாத டப்பா குப்பைக்கூடைக்குப் போயிடுச்சு. "இத்தன வருஷமா காயம்னு சொல்லி மாவத்தான் போட்டியா"ன்னு எனக்கு பேச்சு வேற.

என் கேள்வி மூணு. ஒண்ணு, இது நெஜமாவே கலப்படமா? ரெண்டு, வீட்டுக்காரருக்கு வாயுத்தொல்லை ஜாஸ்தி, தெனம் மோர்ல கலந்து குடிக்கிறார், அதுல பிரயோஜனம் இருக்கா இல்ல மனசாறுதலா? மூணுதான் முக்கியம், என் நாத்தனாருக்குக் கொழந்த பொறந்து ரெண்டு மாசம், சாயங்காலம் ஆனா ஒரே அழுகை. தொப்புளச் சுத்தி பெருங்காயம் பத்து போடச் சொல்றாங்க அத்தை, ஒரு சொட்டு கரைச்சு ஊட்டவும் சொல்றாங்க. பண்ணலாமா?

மளிகைக்கடைப் பையன் | திங்கள், இரவு 10.25

அக்கா மொதல்ல டப்பாவ குப்பைலருந்து எடுங்க, எடுத்து பின்பக்கம் திருப்பிப் படிங்க. பெருங்காயம்னு தனியா போட்டிருக்காது, கூட்டுப் பெருங்காயம்னு போட்டிருப்பான், கீழ பொடி எழுத்துல கோதுமை மாவு இல்ல மைதா இல்ல அரிசி மாவு, வேலம்பிசின், எண்ணெய் எல்லாம் வரிசையா இருக்கும். இது ஏமாத்து வேலை கெடையாது, சட்டத்துலயே அனுமதி இருக்கு. நான் கடைல பொறந்து கடைல வளந்தவன், பள்ளிக்கூடத்துல என் பக்கத்துல ஒக்காந்தவன் எல்லாம் சட்டைல காய வாசம் அடிக்குதுன்னு எடத்த மாத்திக் கேப்பான், அந்த அளவுக்குப் பழக்கம். மாவு கலக்காத தூளு நம்ம கடைக்கு வந்ததே இல்ல.

வீடியோல காட்டுனதும் பொய் இல்ல, அங்கதான் கொழப்பமே. தண்ணில பால் மாதிரி கரையிறது, கற்பூரம் மாதிரி எரியிறது, இந்த ரெண்டும் உணவுப் பாதுகாப்பு ஆணையம், அதான் எஃப்எஸ்எஸ்ஏஐ, சொல்லிக்குடுத்த சோதனைதான். ஆனா அதெல்லாம் அசல் பிசினுக்குத்தான் செல்லும். மாவு சேத்த தூளத் தண்ணில போட்டா மாவு அடியில தங்காம பின்ன எங்க போகும், தீயில காட்டுனா மாவு கருகாம என்ன பண்ணும். நீங்க பண்ண சோதனைல பெருங்காயம் தோக்கல அக்கா, மாவு மாவாத்தான் இருக்குன்னு ருசுவாச்சு, அவ்ளோதான்.

அப்ப எவ்ளோ வேணா மாவு அள்ளிப் போடலாமான்னா அதுவும் இல்ல. சாராயத்துல கரையிற சத்து எவ்ளோ இருக்குன்னு லேப்ல பாப்பாங்க, அசல் பெருங்காயத்துல 12 சதவீதமாவது இருக்கணும், கூட்டுல 5 சதவீதமாவது இருக்கணும். அதுக்குக் கீழ போனாத்தான் குத்தம். அதே மாதிரி அனுமதி இல்லாத மலிவான வேற மரத்துப் பிசினக் கலக்குறது, சாயம் போடுறது, இதெல்லாம்தான் நெஜக் கலப்படம். அத டம்ளர் தண்ணில வெச்சுக் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொண்ணு, கட்டியா வாங்குனா சுத்தம்னு நெறைய பேரு நெனைக்கிறாங்க. கடைல டப்பால வர்ற கட்டியும் பெரும்பாலும் மாவும் பிசினும் சேத்துப் பெசஞ்சதுதான். தூளவிட வாசம் தூக்கலா இருக்கும், அது வாஸ்தவம்.

கொத்தவரங்கா | திங்கள், இரவு 10.50

எதுக்கு மாவு கலக்கணும்? அசலையே குடுத்தா என்ன? காசு பாக்கத்தானே?

மளிகைக்கடைப் பையன் | திங்கள், இரவு 11.15

காசும் உண்டு, இல்லன்னு சொல்லல. ஆனா அசல் பிசின நீங்க கையில தொட்டதில்லன்னு தெரியுது. ஒருவாட்டி ஏஜெண்ட் ஒருத்தர் சாம்பிள் கொண்டாந்தார், கொட்டப்பாக்கு அளவு இருக்கும், மூணு பாலித்தீன் கவர்ல சுத்தி மேல நியூஸ் பேப்பர் சுத்தி அதையும் தகர டப்பால வெச்சிருந்தார். அப்டியும் தொறக்கறதுக்கு முன்னாடியே கடை முழுக்க வாசம். கையில ஒட்டுனா ரெண்டு நாளைக்குப் போகாது, சோப்பு ஷாம்பு எதுக்கும் அசையாது. சாம்பாருக்குப் போடணும்னா ஊசி மொனைல எடுக்கணும், கொஞ்சம் கூடிப்போனா கசந்துரும், அண்டா சாம்பாரும் வீண். மாவும் பிசினும் சேந்தாத்தான் நம்ம ஸ்பூனுக்கு அடங்குது.

அதோட அது நம்மூரு சரக்கும் கெடையாது. ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான் பக்கம் வறண்ட குளிர் மலைல வளர்ற செடி, நம்ம கொத்தமல்லி சீரகம் சோம்பு இருக்குல்ல, அதே குடும்பம். கேரட் மாதிரி தடிச்ச வேரு. அது வளந்து வர நாலஞ்சு வருஷம் ஆகும், அப்பறம் வேரோட தலைய வெட்டிவிட்டா பால் வடியும், காஞ்சதும் சொரண்டி எடுத்துட்டு திரும்ப வெட்டுவாங்க. நம்ம ரப்பர் மரம் மாதிரின்னு வெச்சுக்கங்க, ஆனா செடி அதோட முடிஞ்சுது. வருஷத்துக்கு ஏறக்கொறைய 1,200 டன் இப்டி வெளிய இருந்துதான் வருது, 600 கோடி ரூபா கிட்ட போகுதுன்னு 2020ல அரசாங்கக் கணக்கு வந்துச்சு. அந்த வருஷம் அக்டோபர் 15ந் தேதி இமாச்சலப் பிரதேசத்துல லாஹௌல் பள்ளத்தாக்குல பாலம்பூர் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க மொதல் நாத்து நட்டாங்க. ஈரான்லருந்து வெத வாங்கி மொளைக்க வெச்சதாம். அதுவரைக்கும் இந்தியால பயிரா யாரும் பண்ணதே இல்ல. ஒலகத்துலயே அதிகமா தின்றது நாம, 2020 வரைக்கும் நம்மகிட்ட பயிரா ஒரு செடிகூட இல்ல, கூத்த பாருங்க.

பிசின் வந்து எறங்கி கூட்டுப் பண்றதுல பேரு போன ஊரு உத்தரப் பிரதேசத்துல ஹாத்ரஸ். 2023ல அதுக்கு புவிசார் குறியீடுகூட குடுத்தாச்சு. செடி ஒரு நாட்டுல, மாவு ஒரு ஊருல, ரசம் நம்ம வீட்ல.

அடுப்படிச் சித்தர் | செவ்வாய், காலை 6.05

காலை வணக்கம் நட்புகளே. பெருங்காயத்தின் அருமை அறியாமல் மாவு மாவு என்று பேசிக்கொண்டு இருக்கிறீர்கள். வாயு, அஜீரணம், வயிற்றுப் பூச்சி, இருமல், ஆஸ்துமா, மாதவிடாய் வலி, பல்வலி, பிரஷர், சுகர், காய்ச்சல் அனைத்துக்கும் ஒரே மருந்து. வெள்ளைக்காரனே 1918ல் பெரிய ஃப்ளூ காய்ச்சல் வந்தபோது பெருங்காயத்தைப் பையில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டான். பன்றிக்காய்ச்சல் கிருமியைக் கொல்லும் என்று தைவானில் நிரூபித்தும் விட்டார்கள். வீட்டைச் சுற்றிக் கரைத்து ஊற்றினால் பாம்பு வராது. பகிருங்கள்.

வார்டுல இருந்து | செவ்வாய், காலை 7.30

நைட் ட்யூட்டி முடிச்சு இப்பத்தான் பஸ்ல ஏறுனேன், இத பாத்துட்டு தூக்கமே போச்சு. சித்தரய்யா கோவிச்சுக்காதீங்க, ஒண்ணொண்ணா வர்றேன்.

1918ல அமெரிக்கால கழுத்துல கட்டுனது நெசம். கட்டுனதால காய்ச்சல் வராம நின்னுச்சுன்னு யாரும் காட்டல. அந்த நாத்தத்துக்கு பக்கத்துல ஆள் வரலன்னா அதுல வேணா கொஞ்சம் பலன் இருந்திருக்கும். தைவான்ல 2009ல பண்ணது கண்ணாடிக் குடுவைக்குள்ள, செல்லுல, வேர்லருந்து பிரிச்செடுத்த பொருள வெச்சு. மனுஷனுக்குக் குடுத்து காய்ச்சல் நின்ன கதை இல்ல. பிரஷருக்குன்னு சொல்றதும் பெரும்பாலும் எலி ஆராய்ச்சி. அத நம்பி பிரஷர் மாத்திரைய நிப்பாட்டிட்டு வந்து படுக்கிறவங்கள நான் பாக்குறேன், அதான் கோவம் வருது.

வயித்துக்கு நல்லதுன்னு சொல்றத நானும் தள்ளிவிட மாட்டேன். அஜீரணத்துக்கு மாத்திரையா குடுத்து ஆளுங்ககிட்டயே ஆய்வு நடந்திருக்கு, பலனும் சொல்லிருக்காங்க, ஆனா ரொம்பக் கொஞ்சம் பேர வெச்சு. எங்க வீட்லயும் பருப்பு, மொச்ச, உருளக்கெழங்குன்னா காயம் இல்லாம எறக்க மாட்டோம். ரசவாசம் உங்க வீட்டுக்காரர் மோர்ல ஒரு சிட்டிகை போட்டுக் குடிக்கிறார்னா குடிக்கட்டும், ஏப்பம் வந்து லேசாச்சுன்னா நல்லதுதான். ஆனா "வாயு"ன்னு நாம சொல்றது எல்லாம் வாயு இல்ல. எங்க தெருவுல ஒருத்தர், அம்பது வயசுகூட இருக்காது, ராத்திரி நெஞ்சடைக்குதுன்னிருக்கார், வாயுதான்னு பெருங்காயத்த வெந்நில கரைச்சுக் குடிச்சுட்டு விடியட்டும்னு படுத்துட்டார். விடிஞ்சதும் எங்கிட்டதான் வந்தாங்க. ஆள் பொழைச்சார், ஆனா ஆறு மணி நேரம் போச்சே. நெஞ்சுல பாரம், எடது கை, தாடைல வலி, வேர்வை, இதெல்லாம் இருந்தா அடுப்படிப் பக்கம் போகாதீங்க, ஆட்டோவக் கூப்பிடுங்க.

ரத்தம் ஒறையாம இருக்க வார்ஃபரின் மாதிரி மாத்திரை சாப்பிடறவங்க, மாசமா இருக்கறவங்க மருந்து அளவுக்கு எடுக்க வேண்டாம். சாம்பார்ல ரசத்துல போடற அளவப் பத்திப் பயப்படத் தேவையில்ல.

கொழந்த விஷயம் தனியா எழுதுறேன், ஸ்டாப்பிங் வந்துருச்சு.

வார்டுல இருந்து | செவ்வாய், மதியம் 1.10

தூங்கி எந்திருச்சாச்சு. ரெண்டு மாசக் கொழந்தைக்கு ஒரு சொட்டுகூட உள்ள குடுக்காதீங்க. பாட்டி குடுத்தாங்க, நாம நல்லாத்தான் இருக்கோம்னு பதில் வரும், தெரியும். 1984ல குழந்தை மருத்துவப் பத்திரிகைல ஒரு கேஸ் வந்திருக்கு. பொறந்து சில வாரமே ஆன கொழந்தைக்கு வயித்துவலிக்குன்னு பெருங்காயம் கலந்த மருந்து குடுத்து, ரத்தம் ஆக்சிஜன சரியா கடத்த முடியாம போயிருக்கு. மெத்தீமோகுளோபினீமியான்னு பேரு, ஒடம்பு நீலம் பாயும். சின்னக் கொழந்தைகளோட ரத்தத்துக்கு அதத் தாங்குற சக்தி கம்மி. அதோட நீங்க கரைக்கிற தூள்ல மாவும் கலந்திருக்குன்னு மேல தம்பி சொல்லிட்டாரு, ரெண்டு மாசத்துக்கு கோதுமை மாவு எதுக்கு?

தொப்புள்ல பத்து போடறது, அந்தச் சூட்டுலயும் கைல தடவிக் குடுக்கறதுலயும் கொழந்த அமைதியாகும், அத நீங்க வெறும் கையாலயே பண்ணலாம். என் தங்கச்சி பையனுக்குக் கெட்டியா கொழைச்சுப் பூசி வெச்சு, மறுநாள் தொப்புளச் சுத்தி ஒரு ரூபா காசு அளவுக்கு வட்டமா செவந்து தடிச்சுப்போச்சு, அதுக்கு ஒரு வாரம் மருந்து. பால் குடிச்சதும் தோள்ல போட்டு ஏப்பம் விட வைங்க. சாயங்கால அழுகை மூணு நாலு மாசத்துல தானா அடங்கிரும் பெரும்பாலும். காய்ச்சல், வாந்தி, பால் குடிக்கல, வயிறு கல்லு மாதிரி இருக்குன்னா டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க.

கோதுமை இல்லாத வீடு | செவ்வாய், மதியம் 2.35

இந்த மாவு விஷயத்த யாராவது எனக்கு மூணு வருஷம் முன்னாடி சொல்லிருந்தா நல்லாருந்திருக்கும். என் பொண்ணுக்கு செலியாக், கோதுமைல இருக்கற குளூட்டன் துளி போனாலும் குடல் பாழாகும். சப்பாத்தி இல்ல, பிரெட் இல்ல, பிஸ்கட் இல்ல, ரவை இல்ல, எல்லாம் நிறுத்தியாச்சு. அப்டியும் ரத்தப் பரிசோதனைல கொறையவே மாட்டேங்குது. சோறும் ரசமும்தானே குடுக்குறேன்னு அழுதேன். டயட்டீஷியன் வீட்ல இருக்கற எல்லா டப்பாவையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாங்க. ஏழாவது போட்டோ பெருங்காயம். தெனம் ரசத்துல நானே போட்டுக் குடுத்திருக்கேன்.

இப்ப அரிசி மாவுல பண்ணது கெடைக்குது, லேபிள்ல தெளிவா போட்டிருக்கறதா பாத்து வாங்குறேன். ஓட்டல்ல, கல்யாணத்துல "கோதுமை எதுவும் இல்லம்மா, வெறும் சாம்பார்தான்"னு சொல்லுவாங்க, நம்பாதீங்க. வயிறு சரியில்லன்னு வெங்காயம் பூண்டு நிறுத்துனவங்களுக்கு அதுக்கு பதிலா காயம் போடச் சொல்றாங்கள்ல, அவங்களும் பின்பக்கத்தப் படிங்க.

கொத்தவரங்கா | செவ்வாய், மாலை 4.00

யப்பா. அப்ப நான் காசு பாக்கத்தானேன்னு கேட்டது சின்னக் கேள்வி போல.

மடைத்தண்ணி | செவ்வாய், மாலை 6.20

அடுப்படியவுட்டு வெளிய வாங்க சாமி கொஞ்சம். எங்க தோட்டத்துல அவரைக்கும் கத்திரிக்கும் பூ கொட்டுச்சுன்னா எங்கய்யன் கட்டிப் பெருங்காயத்தத் துணில முடிஞ்சு மடை வாயில கட்டிப்போடுவாருங்க, தண்ணி அதுமேல பட்டுப் பாயும். இப்ப நான் மாடில தொட்டிச் செடிக்கு புளிச்ச மோர்ல சிட்டிகை பெருங்காயம் கரைச்சு, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணி சேத்து சாயங்காலமா தெளிக்கிறனுங்க. மொளகாச் செடில பூ நிக்குது. காயம் நிறுத்துச்சா மோர் நிறுத்துச்சா இல்ல வெயில் கொறஞ்சதால தானா நின்னுச்சான்னு கேட்டா என்னால சொல்ல ஏலாதுங்க, நாங்க மூணையும் ஒண்ணாத்தான் பாக்கறோம். வடிகட்டித் தெளிங்க, இல்லாட்டி மாவு ஸ்பிரேயர அடைச்சுப் போடும். அடைச்சப்பவே சந்தேகப்பட்டனுங்க, இங்க படிச்சப்பறம்தான் வெளங்குச்சு.

பாம்பு சமாச்சாரம் மட்டும் நம்பாதீங்க. எங்க தோட்டத்து வீட்டுச் சாளைய சுத்தி அம்மா ஊத்தாத காயமா. ஊத்துன மூணாம் நாளு அதே வாசப்படில சாரைப்பாம்பு வெயில் காஞ்சுட்டுக் கெடந்துது. வெறகு, சோளத்தட்டு, எலி வளை இதையெல்லாம் ஒதுக்கி வெச்சாப் போதும், எலி இல்லைன்னா பாம்புக்கு அங்க என்ன வேல.

அடுப்படிச் சித்தர் | செவ்வாய், மாலை 7.45

சரி, பாம்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கழுத்துப் பையையும். ஆனால் அஷ்ட சூரணத்தை யாரும் குறை சொல்லக் கூடாது. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், இந்துப்பு, பெருங்காயம். பெருங்காயத்தை நெய்யில் பொரித்துச் சேர்க்க வேண்டும், பச்சையாகப் போடக் கூடாது. சூடான சாதத்தில் நெய் விட்டு அரை ஸ்பூன் பிசைந்து முதல் கவளமாகச் சாப்பிட வேண்டும். என் அம்மா வெள்ளிக்கிழமை தோறும் இரும்புச் சட்டியில் வறுப்பார், தெருமுனையிலேயே பசி எடுக்கும். மருந்தோ இல்லையோ, அப்படிச் சாப்பிட்ட நாட்களில் எனக்கு வயிறு கனத்ததே இல்லை.

வார்டுல இருந்து | செவ்வாய், இரவு 8.10

அத நானே சாப்பிடுவேன் அய்யா. பிரஷர்காரங்க மட்டும் இந்துப்பும் உப்புதான்னு ஞாபகம் வெச்சுக்கட்டும்.

பனங்கூடல் | செவ்வாய், இரவு 9.15

எல்லாரும் காயம் காயம் எண்டு எழுதேக்க எனக்குக் குழம்பிப்போச்சு. யாழ்ப்பாணத்தில நாங்கள் காயம் எண்டு சொல்லுறது பிள்ளை பெத்த ஆக்களுக்கு அரைச்சுக் குடுக்கிற சரக்கு. பெருங்காயத்தைப் பெருங்காயம் எண்டே முழுசாச் சொல்லுவம். அம்மம்மா ஐங்காயம் எண்டும் ஒண்டு சொல்லுவா, கடுகு, ஓமம், வெந்தயம், உள்ளி, பெருங்காயம். அப்பிடிப் பாத்தா எல்லாத்துக்குள்ளயும் பெரியது எண்டுதானே பேர் வந்திருக்கோணும். காரத்தில பெரிசோ மணத்தில பெரிசோ தெரியேல்லை, விலையிலயாவது பெரிசு.

ஊறுகா ஜாடி | புதன், காலை 10.30

யாரும் ஊறுகாயப் பத்தி பேசாததால நான் வந்தேன். மாங்கா ஊறுகா போடற பீங்கான் ஜாடிய கழுவி வெயில்ல காய வெச்சுட்டு, ஒரு துண்டு நெருப்புல கட்டிப் பெருங்காயத்தப் போட்டுப் பொக வந்ததும் ஜாடிய மேல கவுத்துருவோம். பொக உள்ளயே சுத்தி நிக்கும், ஆறுனதும் அப்டியே துணியக் கட்டி எடுத்து வெச்சு அடுத்த நாள் ஊறுகா போடுவோம். பூஞ்சை வராதுன்னு சொல்லுவாங்க. ஜாடில ஈரம் இருந்தா எந்தப் பொகயும் காப்பாத்தாது, அது என் அனுபவம், ஒரு வருஷம் அஞ்சு கிலோ ஆவக்காய கொல்லைல கொட்டிருக்கேன். ஆனா பொக போட்ட ஜாடில வர்ற மணம் தனி, அதுக்காகவே பண்ணலாம்.

தூளோ கட்டியோ, எண்ணெய் காஞ்சதும் போட்டு அது பொரியணும். அப்பத்தான் அந்தக் கவிச்சி போய் வெங்காயம் பூண்டு வதக்குன மாதிரி வாசமா மாறும். நெறைய பேரு கடைசில கொதிக்கிற சாம்பார்ல தூவிட்டு வாசமே வரலன்னு ரெண்டு ஸ்பூன் போடறாங்க. ரசத்துக்கு மட்டும் நான் கட்டிய ஒரு சின்ன பாட்டில்ல தண்ணி ஊத்தி ஊற வெச்சு அந்தத் தண்ணிய விடுவேன், பிரிட்ஜ்ல வெச்சா மூணு நாலு நாள் வரும்.

ரசவாசம் | புதன், இரவு 9.05

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டப்பாவ மீட்டாச்சு, நல்லவேளை குப்பை வண்டி நேத்து வரல. மூடி இறுக்கமா இருந்ததால உள்ள ஒண்ணும் ஆகல, ஆனா சமையலுக்குத் தொறக்க இனி யாரும் ரெடியா இல்ல, மடைத்தண்ணி அண்ணன் சொன்ன மாதிரி செடிக்குத்தான் போகுது. பூதக்கண்ணாடி வெச்சு அத்தையே பின்பக்கத்தப் படிச்சாங்க. மொதல் பேரே கோதுமை மாவு, பெருங்காயம் மூணாவது எடத்துல. "அதிகமா இருக்கறதத்தான் மொதல்ல போடுவான்"னு வீட்டுக்காரர் சொன்னதும் அத்தை கொஞ்ச நேரம் பேசல. அப்பறம் "அவன் எழுதித்தான் வெச்சிருக்கான், நாமதான் படிக்கல"ன்னாங்க. எனக்குக் குடுத்த பட்டம் மட்டும் இன்னும் வாபஸ் ஆகல.

கொழந்தைக்குக் குடுக்கறது இல்லன்னு நாத்தனாரே சொல்லிட்டா, நீலம் பாயும்னு படிச்சுக் காட்டினதும் அத்தையும் சரின்னுட்டாங்க. வெறும் கையால வயித்தத் தடவுறதுல அவங்க ஒஸ்தாத், இன்னைக்கு ஏழு மணிக்கு அவங்க மடிலதான் தூங்குச்சு.

இப்ப வீட்ல கட்டி வாங்கிருக்கோம். ஒரே கஷ்டம், ரெண்டு நாள்ல கல்லாயிடுச்சு, அம்மிக்கொழவியால தட்டி ஒரு துண்டு பறந்து போய் பூஜை அலமாரிக்கு அடியில விழுந்து, சாமி ரூம் முழுக்க சாம்பார் வாசம்.

மளிகைக்கடைப் பையன் | புதன், இரவு 9.20

அக்கா தோசக்கல்ல லேசா சூடு பண்ணி கட்டிய வெச்சா இளகிரும், சூட்டோட கிள்ளி மொளகு அளவுக்கு உருட்டி டப்பால போடுங்க. கூட ஒரு பச்ச மொளகா, காம்பக் கிள்ளிட்டு. மொளகா காஞ்சதும் மாத்துங்க, கட்டி காயாது.

ஊறுகா ஜாடி | புதன், இரவு 9.32

அலமாரிக்கு அடியில விழுந்தத மொதல்ல தேடி எடுங்கம்மா, எறும்பு வராது, ஆனா வாசம் பொங்கல் வரைக்கும் இருக்கும்.